பாசிப்பூதத்தின் பன்னிரண்டாவது அடி

என் அன்புக் குட்டிப்பூதத்துக்கு,

இங்கே அப்பாவும் நானும் சுகம், அப்பாவின் இடது முழங்கால் மட்டும் முக்கால் சுகம். அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டு, ஈரத் தலையோடு வெளியே ஓடாமல், ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பித்தான் இதை எழுத உட்கார்ந்தேன். போனிலேயே சொல்லலாமே என்பாய். போனில் நான் இரண்டு வாக்கியம் முடிப்பதற்குள் நீ மூன்று கேள்வி கேட்பாய், நான் சொல்ல வந்ததை விட்டுவிட்டு உன் கேள்விகளின் பின்னால் ஓடிக்கொண்டிருப்பேன். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. அதனால் கடைசி வரை படி. நேற்று நடந்ததை ஒரே மூச்சில் எழுதப் போகிறேன், எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

போன மாதம், அப்பா அந்தக் காலப் பேய்ப்படத்தில் நடித்த பாசிப்பூதத்தைத் தூண், துரும்பு என்ற அந்தக் காமெடி ஜோடியோடு சேர்த்து ஒரு படம் எடுக்கப் போகிறார்கள், பூத உடைக்குள் பழையபடி அப்பாவே வர வேண்டும் என்று கேட்கிறார்கள் என்று நான் போனில் சொன்னபோது நீ போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. பயமுறுத்தினதைச் சிரிப்பாக்கிட்டா அப்புறம் என்னம்மா மிச்சம், வெறும் ரப்பர்தான் என்றாய். அப்பா அதுல நடிச்சா என் ரூம்ல இருக்கிற போஸ்டரை நீயே கிழிச்சுக் குப்பையில போட்டுடு என்றாய். போன் ஸ்பீக்கரில் இருந்தது உனக்குத் தெரியாது. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சாக்ஸ் மாட்டிக்கொண்டிருந்தார். அன்றைக்கு ஒரு காலில் சாக்ஸும் ஒரு காலில் ஒன்றுமில்லாமலும் லிஃப்ட் ரிப்பேர் வேலைக்குப் போய்விட்டார், சாயங்காலம் ஷூவைக் கழற்றும்போதுதான் அவருக்கே தெரிந்தது. அன்றிலிருந்து அந்த ஒப்பந்தத் தாள் கையெழுத்து இல்லாமல் ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்துக்கு அடியில் தொங்குகிறது. இருபதாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். நான் ஏதாவது கேட்டால், அவ சொல்லட்டும் என்கிறார்.

இதையும் சொல்லிவிடுகிறேன், மனசுக்குள் நான் உன் பக்கம்தான் இருந்தேன். அவர்கள் அனுப்பிய கதையைப் படித்தேன், அதில் ஒரு பக்கத்தில் பாசிப்பூதம் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு குத்தாட்டம் போடுகிறது. இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் அந்த முதல் படத்தில் பழைய நீச்சல் குளத்திலிருந்து அது எழுந்து வந்தபோது தியேட்டரில் பெரிய பெரிய ஆட்களெல்லாம் காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டார்கள். அதற்கா இந்தக் கதி? அதனால், கையெழுத்துக்கு முன்னால் ஒருமுறை நடித்துப் பார்க்கலாம் என்று அவர்கள் நேற்று கூப்பிட்ட ஒத்திகைக்கு அப்பாவோடு நானும் கிளம்பினேன், முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லிவிட்டு வந்துவிடுவது என்று.

அதற்கு முன்னால் உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதே. பாசிப்பூதத்தின் நடை பற்றி நீ கல்லூரியில் பதினாறு பக்கம் எழுதினாயே, அவசரமே இல்லாத நடை, சாவு தன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வருவது போல இருக்கிறது என்றெல்லாம். அப்பாவுக்கு அந்த உடைக்குள் கண் தெரியாதும்மா. பூதத்தின் கண் என்று நாம் பார்ப்பது வெறும் பெயின்ட். மூக்குத் துவாரம் வழியாக அவருக்குத் தெரிந்ததெல்லாம் தன் கால் கட்டைவிரல் மட்டும்தான். எங்கேயாவது இடித்துக்கொள்ளக் கூடாதே என்று ஒவ்வோர் அடியையும் வாய்க்குள் எண்ணி எண்ணி வைத்தார், அதுதான் அந்த நடை. கதவிலிருந்து கட்டில் வரை பதினொன்று. குளத்திலிருந்து படிக்கட்டு வரை ஏழு. எந்தக் காட்சியில் எத்தனை அடி என்று நோட்டில் குறித்துவைத்துச் சொல்லிக்கொடுத்தவள் நான். கல்லூரி விடுமுறையில் அந்தப் படப்பிடிப்புக்குக் காட்சிக் குறிப்பு எழுதப் போனவள், எண்ணிச் சொல்லப் போய், அப்படியே அவரோடு எண்ணிக்கொண்டே வந்துவிட்டேன். உன்னிடம் எத்தனையோ தடவை சொல்ல வாயெடுத்தேன், அப்பாதான், பொண்ணு பதினாறு பக்கம் எழுதிட்டா, இப்ப போய்ச் சொல்லி வைக்காதே என்று தடுத்துவிட்டார்.

சரி, நேற்றைக்கு வருகிறேன். ஏதோ பழைய கிடங்கை ஸ்டூடியோவாக மாற்றியிருக்கிறார்கள், தரையெல்லாம் ஒட்டு நாடா, மூலைக்கு மூலை மின்விசிறி. இயக்குநர் ஒரு சின்னப் பெண், கொண்டையில் பென்சில் செருகிக்கொண்டு அதையே தேடிக்கொண்டிருந்தாள். என் பழைய நோட்டை அப்பாவிடம் முன்பே கேட்டு வாங்கி அளவு பார்த்து அந்தப் படுக்கையறையை அச்சு அசலாக மறுபடி கட்டியிருந்தாள், அதைப் பார்த்ததும் என் கோபத்தில் பாதி அங்கேயே இறங்கிவிட்டது. புது உடை, ஆனால் அதே பசை நாற்றம். முதுகுப்பக்க ஜிப்பை நான்தான் இழுத்து மூடினேன், இப்போதெல்லாம் கொஞ்சம் மூச்சைப் பிடித்துக்கொள்ளச் சொல்ல வேண்டியிருக்கிறது. காட்சி நமக்குத் தெரிந்ததுதான், பூதம் கதவைத் திறந்து வந்து தூங்குகிறவன் கழுத்தில் கை வைக்க வேண்டும். கட்டிலில் தூண் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறார். கட்டிலுக்கு முன்னால் முக்காலியில் உட்கார்ந்து துரும்பு ரொட்டி தின்கிறார், காவலாம். அப்பா வந்தார். குட்டி, அந்த நடை அப்படியே இருக்கிறது. நானும் வாய்க்குள் எண்ணுகிறேன், ஒன்பது, பத்து, பதினொன்று. நின்றார். கை இறங்கியது. இறங்கிய இடத்தில் தூணின் கழுத்து இல்லை, துரும்பின் வழுக்கை இருந்தது. முழங்கால் வலியில் அப்பாவின் அடி சுருங்கிவிட்டது, எண்ணிக்கை முடிந்தபோது கட்டிலுக்கு ஓரடி பாக்கி. ஒத்திகையில் தன் மேல் கை விழும் என்று துரும்பு எதிர்பார்க்கவே இல்லை. வாயிலிருந்த ரொட்டியோடு ஒரு கீச்சுச் சத்தம் போட்டு, ஒரே தாவில் தூணின் வயிற்றின் மேல் போய் உட்கார்ந்துகொண்டார். தூண் கண்ணைத் திறக்காமலே, டேய் இன்னிக்கு என் முறை தூங்கறது என்றார். பிறகு சிரித்தோம் பார், விளக்கு பிடித்திருந்தவர் விளக்கைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

இயக்குநர் பெண் ஓடி வந்து, சார் சார், இந்தத் தப்பை அப்படியே வெச்சுக்கலாம் என்றாள். அப்பா பூதத் தலையைக் கழற்றினார், முகமெல்லாம் வேர்வை. இல்லம்மா, எண்ணிக்கை சரிதான், காலுக்குத்தான் வயசாயிடுச்சு, பூதம் தப்பு பண்ணாது, உங்களுக்குச் சிரிப்பு வேணும்னா கட்டிலை நகர்த்திக்குங்க என்றார். அவர் அப்படிப் பேசி நான் பார்த்ததே இல்லை. துரும்புதான் முதலில் வாயைத் திறந்தார், அண்ணே சொல்றதுதான் சரி, அது பூதமா இருந்தாத்தான் நான் பயப்படுவேன், நான் பயந்தாத்தான் ஜனங்க சிரிப்பாங்க, அதுவும் என்னை மாதிரிக் கோணங்கித்தனம் பண்ணுச்சுன்னா எனக்கு அங்கே என்ன வேலை என்றார். படுத்திருந்த தூண், உனக்கு எங்கே போனாலும் தின்கிற வேலைதானேடா என்றார். உடனே கட்டிலுக்குச் சக்கரம் மாட்டினார்கள். நான் நோட்டைத் திறந்து, இத்தனை வருஷமாக ஒரு புள்ளிகூட மாற்றாத பக்கத்தில் பதினொன்றை அடித்துப் பன்னிரண்டு என்று எழுதினேன். அப்பா பன்னிரண்டு எண்ணி வருகிறார், துரும்பு கட்டிலை இழுத்துக்கொண்டு ஓடுகிறார், அப்பா வெறும் காற்றில் கழுத்தைப் பிடிக்கிறார், திரும்புகிறார், மறுபடி ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பிக்கிறார். அந்தத் திரும்புதல் இருக்கிறதே! எனக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர், துடைக்கக் கையைத் தூக்கினால் வரவில்லை, கை நாற்காலிச் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தது. சிரிக்கிறேன், பயந்தும் இருக்கிறேன், இரண்டும் ஒரே நேரத்தில்.

அந்தச் சூட்டோடு குத்தாட்டப் பக்கத்தையும் எடுத்தேன். பூதம் கறுப்புக் கண்ணாடி போடாது, ஆடாது, இது இருந்தா நான் இவரை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன் என்றேன். உன் அம்மாவா இப்படிப் பேசினாள் என்று நீ கேட்பாய், எனக்கே ஆச்சரியம்தான். அந்தப் பெண் தயாரிப்பாளருக்கு போன் போட்டு அரை மணி நேரம் வாசலில் நின்று பேசினாள். திரும்பி வந்து, கொண்டையிலிருந்த பென்சிலை நான் எடுத்துக் கொடுக்க, அந்தப் பக்கத்தை மாற்றி எழுதினாள். இப்போது பூதத்தை ஏமாற்றுவதற்காக அவர்கள் இருவரும் ஆடுவார்கள், அது அசையாமல் நின்று பார்க்கும். இதுதான் எனக்கு முன்னதைவிடப் பத்து மடங்கு சிரிப்பாகவும் இருக்கிறது, இருட்டில் யோசித்தால் கொஞ்சம் குளிராகவும் இருக்கிறது. அந்தப் பக்கம் மாறாமல் இருந்திருந்தால் போஸ்டரைக் கிழிக்க நானே ஏணி போட்டிருப்பேன், ஆகவே நீ சொன்னதில் பாதி நியாயம்.

மீதிப் பாதிக்கு உன் ஐந்து வயதையே சாட்சிக்குக் கூப்பிடுகிறேன். முதல்முறை நீ படம் பார்த்துவிட்டு அலறியபோது, பாவம், பயப்படாதே நான்தான் என்று காட்ட அப்பா பரணிலிருந்து பழைய தலையை எடுத்து மாட்டிக் கழற்றினார். நீ அப்போதுதான் அதிகமாக அழுதாய். பூதம் எங்கே போச்சு, பூதத்தைக் கூப்பிடு என்று. அன்று புரியாதது எனக்கு நேற்றுப் புரிந்தது. அது நம்மைப் பார்த்துக் கண்ணடிக்காமல் இருக்கிற வரை, சுற்றி எத்தனை பேர் சிரித்தாலும் பூதம் அங்கேதான் இருக்கிறது. நான் வேலை பார்க்கும் நூலகத்தில் அந்தப் பழைய படத்தின் குறுந்தகடு இருக்கிறது, கடைசியாக ஒருவர் எடுத்துப் போய் நாலு வருஷம் ஆகிறது, பதிவேடு என் கையில்தானே. தூண், துரும்பு படங்களுக்கோ வரிசை கட்டிக் காத்திருக்கிறார்கள். அவர்களில் பத்துப் பேர் இந்தப் பூதம் எங்கேயிருந்து வந்தது என்று கேட்டு அந்த அலமாரிப் பக்கம் வர மாட்டார்களா?

தாள் இன்னும் ஃப்ரிட்ஜில்தான் தொங்குகிறது. நேற்று அவ்வளவு நடந்தும் பேனாவை எடுக்கவில்லை. ஆனால் இன்று காலையிலிருந்து வீட்டுக்குள் நடந்து பழகுகிறார், நான் இதை எழுதும்போதும் கேட்கிறது. சோபாவிலிருந்து கிளம்பினால் பன்னிரண்டாவது அடியில் உன் அறைக் கதவு வருகிறது. அங்கே நின்று, போஸ்டரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறார்.

முழங்காலுக்கு அங்கே கிடைக்கும் அந்த இறுக்கப் பட்டை ஒன்று வாங்கி அனுப்பு, பெரிய அளவு. காலையில் வெறும் காப்பியோடு ஓடாதே. எடுத்த காரியமெல்லாம் கைகூடி, நல்ல மனிதர்கள் சூழ நீ நிறைவாக வாழ வேண்டும். மறந்துவிடாதே, இருபதாம் தேதி. ஆறு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பார். என்னைக் கூப்பிடாதே, அவரைக் கூப்பிடு. வேண்டாம் என்றே தோன்றினாலும் சரி, அவரிடமே சொல். இந்த முறை போன் ஸ்பீக்கரில் இருக்காது, நான் அடுப்படியில் இருந்துகொள்கிறேன்.

பன்னிரண்டு வரை எண்ணிக்கொண்டே உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா