உன் துறை வேண்டாம் என்று தள்ளிய விண்ணப்பதாரர்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதிக்கொண்டது. இங்கே நானும் அப்பாவும் சுகம். நீயும் சுகம் என்பது உன் துறையிலிருந்து வந்த நிராகரிப்புக் கடிதத்தின் அடியில் இருந்த கையெழுத்தைப் பார்த்ததும் தெரிந்தது, கை நடுக்கம் ஏதும் இல்லை. ஆமாம்ப்பா, உங்கள் கணினி அறிவியல் முதுகலைப் படிப்புக்கு விண்ணப்பம் போட்டது நான்தான். நீ பேராசிரியராகி, சேர்க்கைக் குழுவுக்கும் தலைவரானதிலிருந்து நான் அனுப்பும் செய்தியெல்லாம் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடக்கிறது. ஆனால் உன் இணையப் பக்கத்தில், விண்ணப்பிக்கும் எல்லோருக்கும் பதில் உண்டு என்று போட்டிருக்கிறாய். சரி, அந்த வழியாகவே வருவோம் என்று உன் தங்கையை உட்காரவைத்து எல்லாவற்றையும் ஏற்றச் சொன்னேன்.

பரிந்துரைக் கடிதம் மூன்று கேட்டிருந்தீர்கள். நான் கணக்கு டீச்சராக இருந்த பள்ளியின் தலைமையாசிரியை ஒன்று கொடுத்தார், மாடியில் குடியிருக்கும் பல் டாக்டர் ஒன்று, மூன்றாவது உன் அப்பா. "பிடித்தால் உடும்புப் பிடி, யார் சொன்னாலும் கேட்க மாட்டாள்" என்று எழுதிவிட்டு, ஆராய்ச்சிக்கு இதுதானே வேண்டும் என்கிறார் மனுஷன். எதற்காகப் படிக்க விரும்புகிறீர்கள் என்ற கேள்விக்கு, அங்கே பேராசிரியராக இருக்கும் என் பிள்ளையோடு பேச வேண்டும் என்று ஒளிவுமறைவில்லாமல் எழுதினேன். அதை ஒருவரும் படிக்கவில்லை. கணக்கில் என் தகுதி போதாதாம். உனக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தவளுக்கா? கல்லூரியில் முதல் வருடம் புரோகிராமிங்கில் கோட்டைவிட்டு, சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாயே, அப்போது உன் வாத்தியார் மதிப்பெண்ணை மட்டும் பார்த்திருந்தால் நீ இன்று எந்தக் குழுவுக்குத் தலைவர்? மதிப்பெண் பார்க்காதே என்று சொல்லவில்லை, பிள்ளைகள் எழுதி அனுப்புவதையும் கொஞ்சம் படி. நேரத்துக்குச் சாப்பிடு, கூன் போட்டு உட்காராதே.

முதல் வரியில் சுகம் என்று எழுதியது பாதிதான் உண்மை. அப்பாவுக்குப் போன வாரம் கண் ஆபரேஷன் ஆனது. செய்தி அனுப்பினேன், நீ பார்க்கவில்லை. இப்போதைக்கு எதையும் படிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். உன் கடிதம் வந்ததும் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, "அவனே எழுதினதா? நம்மளப் பத்தி ஏதாவது கேட்டிருக்கானா?" என்றார். கையெழுத்துகூட இயந்திரம் போட்டதுதான் என்று உன் தங்கை அதற்குள் சொல்லிவிட்டிருந்தாள். ஆனால் அவர் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல வாய் வரவில்லை. அடியில் நமக்கும் இரண்டு வரி எழுதியிருக்கிறான், கண் எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறானாம் என்று அளந்துவிட்டேன். அன்றிலிருந்து ஃபோனைத் தலையணைக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார்.

நீ நீண்ட ஆயுளோடும் நல்ல புத்தியோடும் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையை மறந்துவிடாதே, என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதே.

இப்படிக்கு,
தகுதி போதாத உன் அம்மா