மூத்தவர் முதலில் கேட்கும் மண்டபம்

மார்ச் 3, செவ்வாய்

குழாய் ரிப்பேர்க்காரன் இன்றும் வரவில்லை. போன ஜூலையிலும் இதே ஆள் இரண்டு நாள் காக்க வைத்தான். எழுதி வைக்கிறேன். எழுதி வைத்தால் பிறகு யாரும் அப்படி நடக்கவில்லை என்று சாதிக்க முடியாது.

மருமகள் சனிக்கிழமை பஸ் டூர் போகிறாள். பழைய புத்தர் கோயில் இடிந்து கிடக்கிற இடமாம். கூட வருவதாக இருந்த சிநேகிதிக்குக் காய்ச்சல். "அத்தை, நீங்க வர்றீங்களா? சீட்டு வீணாப் போகுது" என்றாள். போன வருஷம் மலைக்குப் போனபோது சீட்டு வீணாகவில்லை, அதனால் என் நினைவு வரவில்லை. வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 5

தங்கை மாதக் கடைசியில் ஊரை விட்டுப் போகிறாளாம், மகனோடு, விமானத்தில். அவளுக்கும் எழுபதாகிவிட்டது. இனித் திரும்பி வருவாளா?

"ஒரு தடவை பேசிடும்மா. சித்தி போனா போனதுதான்" என்றான் என் மகன்.

நான் ஏன் பேச வேண்டும்? பதினோரு வருஷத்துக்கு முன் என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் பதினேழு நாள் கிடந்தார். மூன்றாம் மாடி, ஜன்னலோரக் கட்டில். எதிர்க் கட்டிலில் ஒரு தையல்காரர். அவருடைய தங்கைகூட வந்து இவரை விசாரித்துவிட்டுப் போனாள். என் கூடப் பிறந்தவள் இரண்டு தெரு தள்ளி இருந்துகொண்டு எட்டிப் பார்க்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகு அழுதுகொண்டு வந்தாள். கதவைச் சாத்தினேன். பேசுவதானால் அவள்தான் பேச வேண்டும்.

மார்ச் 7, சனி

போய் வந்தாயிற்று. கால் வீங்கியிருக்கிறது. ஆனால் எழுதாமல் படுக்க மனமில்லை.

எங்களைக் கூட்டிப் போனவள் மஞ்சள் குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். பெரிய செங்கல் மேடு ஒன்று, தலையில்லாத சிலை ஒன்று. எல்லோரும் சிலையோடு படம் எடுத்தார்கள். எனக்கு அதன் பின்னால் இருந்த அறைகள்தான் பிடித்தன. நடுவில் முற்றம், சுற்றி இருபத்திரண்டு அறை. சுவர் இடுப்புயரம்தான் மிச்சம். ஒரு அறையை அடிமேல் அடி வைத்து அளந்தேன், என் பாதத்தால் பத்து. விளக்கு வைக்க மாடம். கதவு நின்ற குழி. தண்ணீர் போகக் கல்லில் ஒரு வாய்க்கால். இன்னும் ஓடுமா? பாட்டில் தண்ணீரைச் சாய்த்துப் பார்த்தேன். ஓடியது. மருமகள் யாரோ போல நகர்ந்துகொண்டாள்.

குடைக்காரியிடம் சமையல்கட்டு எங்கே என்று கேட்டேன். அங்கே இருந்த துறவிகள் வெளியே போய்ப் பிச்சை வாங்கிச் சாப்பிட்டவர்களாம்.

"அடுப்படியே இல்லேன்னா, சண்டை எங்க வரும்?"

"அதெல்லாம் வரும்மா. மழைக்காலம் முழுக்க ஒரே இடத்துல அடைஞ்சு கிடந்தா வராம இருக்குமா?"

அதற்குத்தானாம் பக்கத்திலிருந்த மண்டபம். இப்போது வெறும் தூண் அடிகள். மழைக்காலம் முடிந்ததும் எல்லோரும் அங்கே கூடுவார்கள். ஒவ்வொருவராக மண்டியிட்டு, என்னிடம் ஏதாவது குற்றம் பார்த்திருந்தால், கேட்டிருந்தால், சந்தேகப்பட்டிருந்தால் சொல்லுங்கள் என்று மற்றவர்களைக் கேட்பார்கள்.

மற்றவன் குற்றத்தைச் சொல்வதற்கு மண்டபம் கட்டினால் எனக்குப் புரியும். தன் குற்றத்தைக் கேட்டு வாங்குவதற்கா?

"யாரு மொதல்ல கேக்கணும்?" என்றேன்.

"மூத்தவர்தான் மொதல்ல."

"யாரும் ஒண்ணும் சொல்லலேன்னா?"

"குத்தம் இல்லேன்னு அர்த்தம்."

பஸ்ஸில் வரும்போது முழுக்க இதே யோசனை. நல்ல வழியாகத்தான் இருக்கிறது. மூத்தவள் நான் கேட்டுவிடுவேன். அவளுக்குச் சொல்ல என்ன இருக்கும்? அப்புறம் அவள் கேட்டுத்தானே ஆக வேண்டும். என்னிடம் பதினேழு நாள் கணக்கு இருக்கிறது.

மார்ச் 8

தங்கைக்குப் போன் செய்தேன். மண்டபத்தில் கேட்கிற மாதிரியே கேட்டேன், பார்த்தது, கேட்டது, சந்தேகப்பட்டது எல்லாம் சேர்த்து.

"நிஜமாத்தான் கேக்குறியா அக்கா?"

"கேக்குறேன். சொல்லு."

"நீதானே வராதேன்னே."

"எப்ப?"

"மாமாவைச் சேர்த்த மறுநாள். போன்ல. நீ வந்தா உன் மூஞ்சியப் பாத்தே அவருக்குத் தன் நிலைமை தெரிஞ்சிடும், பயந்துடுவாரு, நான் கூப்பிடுற வரைக்கும் வராதேன்னே. நீ கூப்பிடவே இல்ல."

பொய் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

மார்ச் 9

தையல்காரர் போர்த்தியிருந்த கம்பளியின் நிறம்கூட நினைவிருக்கிறது. இது மட்டும் நினைவில் இல்லை. நடந்திருந்தால் எனக்குத் தெரியாமல் போகுமா?

மார்ச் 10

மருமகளிடம் கேட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

"ஆமா அத்தை. என் போன்லதான் பேசினீங்க. மாமா காதுல விழக்கூடாதுன்னு மாடிப்படிக்கு வந்து. நான் பக்கத்துலதான் நின்னேன்."

"இத்தனை வருஷம் வாயைத் தெறக்கலையே நீ."

"சித்தி பேரை எடுத்தாலே எழுந்து போயிடுவீங்க. யார்கிட்ட சொல்றது?"

அவள்மேல் கோபம் வந்தது. வந்த வழியே போய்விட்டது.

மாடிப்படி. கைப்பிடிக் கம்பியில் புதுப் பெயின்ட், கையெல்லாம் பச்சை. அதைத் துடைத்துக்கொண்டே யாரிடமோ பேசினேன் — யாரிடம்? ஐயோ, அவகிட்டத்தான். நான்தான் சொல்லியிருக்கேன். கூப்பிட மறந்தவளும் நான்தான். பாவம், பதினேழு நாளும் போன் பக்கத்துலயே இருந்திருப்பா.

மார்ச் 11

அவள் வீட்டுக்குப் போனேன். இரண்டு தெருவுக்கு மூன்று இடத்தில் நின்றேன். கதவைத் திறந்ததும், "சொன்னது நான்தான்" என்றேன். "தெரியும், உள்ள வா" என்றாள்.

மார்ச் 14, சனி

தங்கை காலையிலேயே இங்கே வந்துவிட்டாள். வேறென்ன குறை, சொல் என்றேன். இல்லை என்பாள் என்று நினைத்தேன். மூச்சு விடாமல் ஆரம்பித்தாள். மத்தியானத்துக்குள் ஏழு குறை ஆயிற்று. இரண்டு எனக்கு நினைவே இல்லை. ஒன்று அநியாயம், அதற்கு நன்றாகச் சண்டை போட்டேன். மருமகள் கதவருகிலேயே நின்று கேட்டாள்.

முடிந்ததா என்றேன். "இன்னும் பாதிகூட வரலை" என்றாள், செருப்பைத் தேடிக்கொண்டே.

"அப்ப நாளைக்கும் வா" என்றேன்.