விலை இறங்கும் துப்பாக்கி

அன்புள்ள பிடிவாதக்காரருக்கு,

டல்சாவில் அக்கா வீட்டிலிருந்துதான் எழுதுகிறேன். நேற்று உங்கள் துப்பாக்கி கிளப் கூட்டத்தில் கடைசி வரிசையில் நானும் இருந்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறுக்குப் பின் செய்த மெஷின் கன்னை நம்மைப் போன்ற சாதாரண ஜனங்கள் வாங்கக்கூடாது என்ற சட்டத்தை நீக்கலாமா என்று கேட்டார்கள். அந்தச் சட்டத்தால் விலை எகிறிப்போன பழையதை வைத்திருப்பவர்கள் எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள். நீங்கள் மட்டும் கை தூக்கினீர்கள்.

"பைத்தியமாய்யா உனக்கு? புதுசு வந்தா உன்னோடது இரும்பு வெலைக்குப் போயிடும்!" என்று உங்களைப் போலவே பழையது வைத்திருக்கும் டுவெய்ன் கத்தினார்.

"போகட்டுமே. என் வெல எறங்கக்கூடாதுன்னு அடுத்தவனுக்குக் கதவைச் சாத்தணுமா?" என்றீர்கள்.

கை வலிக்கத் தட்டினேன். அந்தத் துப்பாக்கியை வாங்க எந்த நிலத்தை விற்றீர்கள் என்று இப்போது பேச வேண்டாம்.

கீறல் விழுந்தால் விலை போய்விடும் என்று என்னைத் தொடக்கூட விட்டதில்லையே! சனிக்கிழமை வருகிறேன். பெட்டியைத் திறந்து வையுங்கள். முதலில் நான்தான் சுடுவேன்.

இன்னும்
உங்கள் மனைவிதான்