நடுக்கோடு எது என்று தெரியவில்லை

என் சுண்டெலிக்கு,

நீயும் மாப்பிள்ளையும் பேரனும் சுகமாக இருப்பீர்கள் என்ற நினைப்பில்தான் எனக்குப் பொழுது விடிகிறது, நானும் சுகம் என்று வழக்கம்போல எழுதி அடித்துவிட்டேன், அடித்தது உனக்குத் தெரியட்டும் என்று வேறு தாள் எடுக்கவில்லை. போனில் சொன்னால் குரல் காட்டிக்கொடுத்துவிடும், அதனால்தான் கடிதம். பேரனுக்குச் சளி விட்டதா, ஈரத் தலையோடு விளையாட விடாதே. இங்கே மாடி வீட்டுக்காரர்கள் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள், அந்தக் குழந்தைகள் தடதடவென்று ஓடுவதற்கு எவ்வளவு திட்டியிருப்பேன், இப்போது மேலே ஒரு சத்தமும் இல்லை, சமைக்கவே பிடிக்கவில்லை.

என் வேலையறையை நீ ஒருநாளும் பார்த்ததில்லை. வெள்ளை விளக்கின் ஒளியை இரண்டாகப் பிரித்து, ஒன்றை நாங்கள் நம்பும் கண்ணாடிக்கும் மற்றதைச் சோதனைக்கு வந்த கண்ணாடிக்கும் அனுப்பி, திரும்பியதும் சேர்ப்போம், சேர்ந்த இடத்தில் வரிசையாகக் கோடுகள் விழும். இரண்டும் போய்வந்த தூரம் மயிரிழைகூடப் பிசகாமல் ஒன்றாக இருந்தால்தான் கோடுகள் தெரியும். நடுக்கோடு மட்டும் சுத்தக் கறுப்பு, இரண்டு பக்கமும் இருப்பவற்றுக்குச் சாயம் பிடித்திருக்கும். அந்தக் கறுப்பை வைத்துத்தான் ஒளி எங்கே முந்தியது, எங்கே பிந்தியது, அதாவது கண்ணாடி எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று அளப்போம். பக்கத்தில் ஆள் நின்றால் உடம்புச் சூட்டிலேயே கோடுகள் ஆடும், அதனால் உள்ளே நான் ஒருத்திதான், முப்பத்தொரு வருடமாக. வேலையிலேயே தனியாக இருந்து பழகியவளுக்கு வீட்டில் தனிமை ஒரு பெரிய விஷயமா என்று உன்னிடம் பெருமையடித்திருக்கிறேன். பெரிய விஷயம்தான்.

போன வாரம் இரண்டு துண்டுகளைச் சேர்த்து ஒட்டிய கண்ணாடி ஒன்று வந்தது, ஒரு துண்டு மற்றதைவிட எவ்வளவு மேடு என்று நான் எழுதிக்கொடுத்த அளவு தப்பு. மேற்பார்வையாளர் மறுபடி பார்த்துவிட்டு, பக்கத்துக் கோட்டப் போய் நடுக்கோடுன்னு எடுத்திருக்கீங்களேக்கா, நீங்களா இப்படி என்றார். விளக்கு பழசு என்று சண்டை பிடித்தேன். பாவம், புது விளக்கு மாட்டினார். உட்கார்ந்து பார்த்தால் நாலைந்து கோடும் ஒரே பழுப்பு. அவர் கதவைச் சாத்திவிட்டு வெளியே போய் நின்றார், நான் உள்ளே அழுதேன், கோடெல்லாம் கன்னாபின்னாவென்று ஆடியது, சிரிக்காதே.

கண் டாக்டர் புரை முற்றிவிட்டது என்கிறார். அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி வலது கண்ணில் அறுவை சிகிச்சை. நல்லபடியாக முடிந்தால் பழைய நாற்காலி, இல்லையென்றால் வேலையை விட வேண்டியதுதான். மருத்துவமனைப் படிவத்தில் கூட இருப்பவர் பெயர் என்று ஓர் இடம் இருக்கிறது. கீழ்க்கடைத் தையல்காரம்மாவைப் போடலாம் என்று பார்த்தேன், நல்ல மனுஷி, ஆனாலும் கை ஓடவில்லை. போன வருடம் நீ வரட்டுமாம்மா என்று கேட்டபோது எதற்கு வீண் அலைச்சல் என்றேனே, போனை வைத்துவிட்டு வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். உனக்கு வேலை, பேரனுக்குப் பள்ளிக்கூடம், எல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. அந்த இடத்தை நிரப்பாமல் வைத்திருக்கிறேன்.

நோய்நொடி அண்டாமல் மூன்று பேரும் நிறைவாக வாழ வேண்டும். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. பதினெட்டாம் தேதி, ஞாபகம் வைத்துக்கொள்.

எப்போதும் உன் நினைப்பாகவே இருக்கும்
அம்மா

பி.கு. உறையில் போடுமுன் படித்துப் பார்த்தேன். சுற்றிச் சுற்றி எழுதியிருக்கிறேனே தவிர, கேட்க வேண்டியதைக் கேட்கவே இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, நீ வா.