லிசாவுக்கென்று எழுப்பிய மாடி

பிப்ரவரி 4, 2024
இன்று மேல் தகரத்தைப் பிரித்தார்கள். தாராவியில் நமக்கும் ஒரு மாடி! எல்லாம் லிசாவுக்காகத்தான். உல்லாஸ்நகரில் புருஷன் ஜோன்ஸிடம் அடி வாங்கி, கைப்பிள்ளையோடு வந்து நிற்கிறாள் என் மகள். எனக்கும் மகன் அஜினுக்குமே பற்றாத ஒரே அறையில் எத்தனை நாள் முடங்குவாள்?

இந்த இடத்துக்கு பேங்க் லோன் கிடையாது. சொரிமுத்து அண்ணாச்சிதான் மூன்று லட்சம் கொடுத்தார், மூன்று வட்டிக்கு. “ஊர்க்காரிக்குச் செய்யாம வேற யாருக்குச் செய்யப்போறேன்?” என்றார். அந்தப் பாசத்தில் வட்டி ஒரு பைசா குறையவில்லை.

மார்ச் 19
கம்பி விலை ஏறிவிட்டதாம். கான்ட்ராக்டர் இன்னும் ஒரு லட்சம் கேட்கிறான். பாதிச் சுவரை வைத்துக்கொண்டு என்ன செய்ய? மறுபடியும் அண்ணாச்சி.

ஏப்ரல் 14
மாடிக்கு இளம்பச்சை அடிக்கச் சொன்னாள் லிசா. வந்ததிலிருந்து வாய் திறந்து கேட்டது இது ஒன்றுதான். அடித்துவிட்டோம்.

ஜூன் 2
அஜினுக்கு வேலை போனதிலிருந்து வட்டி கட்டவில்லை. அண்ணாச்சி வந்து உட்கார்ந்துவிட்டார்.

“மாடிய ஹெவி டெபாசிட்டுக்கு விடு தங்கச்சி. நாலு லட்சம் மொத்தமாத் தருவாங்க. வாடகை கெடையாது. காலி பண்ணும்போது திருப்பிக் குடுத்தாப் போதும். பதினோரு மாசந்தான்.”

ஆளையும் அவரே கொண்டுவருவாராம். பணம் நேரே அவர் கைக்கு. பதினோரு மாதம் கழித்து நாலு லட்சத்துக்கு நான் எங்கே போவேன்? இருந்தும் தலையாட்டினேன்.

ஜூன் 9
மேலே குடிவந்துவிட்டார்கள். புதுசாகக் கல்யாணமானவர்கள். மிட்டாய் கொடுத்தார்கள். நல்ல பிள்ளைகள், திட்டக்கூட முடியவில்லை. லிசா மிட்டாயைத் தொடவில்லை.

ஜூன் 23
கொட்டுகிற மழை. அஜின் வாசலில் தார்ப்பாய் கட்டிப் படுத்திருக்கிறான். “தம்பி எத்தன நாளும்மா நனைவான்?” என்றாள் லிசா. “நீ சும்மா கெடட்டி” என்றேன்.

ஜூன் 30
ஜோன்ஸ் வந்தான். “இனிமே கை நீட்ட மாட்டேன் அத்தை.” போன தடவையும் இதையேதான் சொன்னான், பாவி. போகாதட்டி, போகாதட்டி என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“இங்க எங்கம்மா படுக்க?” என்றாள்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவனோடு போய்விட்டாள்.

ஜூலை 14
லிசா போன் செய்தாள். நான் வாய் திறப்பதற்குள் “நல்லா இருக்கேம்மா” என்றாள். பின்னால் பிள்ளை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது.

“அவன் பக்கத்துல நிக்கானா?” என்று கேட்டேன்.

“ஆமாம்மா, மீன் கொழம்புதான்” என்றாள்.