கை தூக்கும்போது மூச்சு உள்ளே

நண்பா,

எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். கோட்டின் மேல் தொடங்கும் வார்த்தை வரி முடிவதற்குள் கீழே இறங்கிவிடுகிறது. ஒரு பக்கம் எழுத ஒரு காலைப் பொழுது போய்விடுகிறது. ஆனால் இது முழுக்க என் கையால் எழுதியது. யாரையும் பிடித்து எழுதச் சொல்லவில்லை. அதை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

மணிக்கட்டு வலிக்கிறதே என்று சற்றுமுன் சீனத் தைலம் எடுத்துத் தேய்த்தேன். மூடியைத் திறந்ததும் நீ பக்கத்தில் வந்து நின்றதுபோல் இருந்தது. உன் சட்டையில் எப்போதும் இந்த வாசம்தான், கூடவே சைக்கிள் கடை ரப்பர் பசையின் வாசம். ரப்பர் தோட்டத்தில் எங்கள் ஆட்களோடு வளர்ந்த சீனன் நீ. தமிழ் பேசுவாய், படிக்க வராது. அப்போது எனக்கும் வராது. இப்போது எனக்கு மட்டும் வந்துவிட்டது. நீ எப்படிப் படிப்பாய் என்று யோசிக்காமல்தான் எழுதுகிறேன்.

இதுவரை எழுதுவதற்குள் மூன்று முறை எழுந்து நடந்துவிட்டேன். உனக்குத் தெரியுமே, காலில் வெந்நீர் கொட்டிக்கொண்டவன் மாதிரிதான் நான் எப்போதும். துறைமுகத்தில் முப்பது வருடம் மூட்டை தூக்கியவனை ஓய்வு கொடுத்து வீட்டில் உட்காரச் சொன்னார்கள். எப்படி உட்காருவது? விடியுமுன் எழுந்து வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்து என் மனைவியின் தூக்கத்தையும் கெடுத்தேன். உன் சைக்கிள் கடையில் வந்து புலம்பினேன். நீ டியூபைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டை தேடிக்கொண்டிருந்தாய்.

"சும்மா நடந்து என்ன ஆகப்போவுது? காலைல திடலுக்கு வா. சீகோங் மூச்சுப் பயிற்சி செய்வோம், அப்புறம் தாய் சி. உன் ஒடம்புக்கு நல்லதுடா."

பண்டமாரான் திடலில் பதினைந்து சீனப் பெண்கள், நீ, நான். தாய் சியில் ஒரு காலை வைத்து, உடம்பின் கனத்தை அதன்மேல் மெல்ல மாற்றி, அப்புறம் அடுத்த கால். எனக்குப் பொறுமை எங்கே? எல்லாரும் பாதியில் இருக்கும்போது நான் முடித்துவிட்டு நிற்பேன்.

"எங்கடா போற? லோரி கெளம்பிருச்சா?" என்பாய். கோபம் வராது. அடுத்த தடவை கொஞ்சம் மெதுவாகப் போவேன். ஆறு மாதத்தில் கால் ஓரளவு படிந்துவிட்டது. ஆனால் சீகோங்கின் முதல் அசைவில், இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கும் அந்த எளிய அசைவில், எனக்குத் தலை சுற்றும். வெளியில் சொல்லவில்லை.

ஒருநாள் நீ பின்னால் வந்து என் வயிற்றில் உள்ளங்கையை வைத்தாய்.

"மூச்ச எங்கடா அடைச்சு வச்சிருக்க? மூட்ட தூக்குற மாதிரியே நிக்கிறியே லா."

முன்வரிசையில் நின்ற ஆன்டி என்னவென்று கேட்டார். நீ சீனத்தில் சொன்னாய். பதினைந்து பேரும் சிரித்தார்கள். உழைத்துப் பிழைத்ததைப் பெண்கள் முன்னால் கேலி செய்கிறான் என்றுதான் எனக்குப் பட்டது.

"டயருக்குக் காத்தடிக்கிறவன் எனக்கு மூச்சு சொல்லித் தர்றியா?" என்று கேட்டுவிட்டு நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டு தடவை வீட்டுக்கு வந்தாய். இரண்டு தடவையும் நான் இல்லையென்று என் மனைவியிடம் சொல்லச் சொன்னேன். இரண்டாம் முறை நீ சைக்கிளை விட்டு இறங்கவேயில்லை. கதவுக்குப் பின்னால் நின்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"தங்கச்சி, உள்ள இல்லாதவன்கிட்ட ஒண்ணு சொல்லிரு. கை தூக்குறப்ப மூச்சு உள்ள, எறக்குறப்ப வெளிய. அவ்ளோதான்."

என் மனைவி சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை. நாலு மாதம் கழித்து, கடையில் வேலை செய்துகொண்டிருக்கும்போதே நீ சாய்ந்துவிட்டாய் என்று சொன்னார்கள். வந்தேன். உன் சம்சாரம் கையில் ஊதுபத்தி கொடுத்தார். மூன்று முறை கும்பிட்டேன். சாவு வீட்டில்கூட எனக்கு உன்மேல் கோபம் மிச்சம் இருந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே.

பிறகு சுங்கை வேயில் இருக்கும் மகள் வீட்டோடு வந்துவிட்டோம். சமையலறைக்குப் பின்னால் தனியாகச் செய்து பார்ப்பேன். கை மேலே போகும், தலை சுற்றும், விட்டுவிடுவேன். மறுநாள் மறுபடி. விடவும் முடியவில்லை, சரியாகவும் வரவில்லை.

இந்த வருடம் மகள் என்னைப் பெரியவர்களுக்கான எழுத்து வகுப்பில் சேர்த்துவிட்டாள். முதல் மாதம் 'இ' எழுதப் பட்ட பாடு! அதன் சுழிக்குள் நுழைந்தால் வெளியே வர வழி தெரியாது. ஒருநாள் டீச்சர் குனிந்து என் முகத்தைப் பார்த்தார்.

"அங்கிள், ஒரு எழுத்து முடியிற வரைக்கும் மூச்சே விடமாட்டேங்கிறீங்க. மொகமெல்லாம் செவந்துபோச்சு."

பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன்.

துறைமுகக் கிடங்கில் இரண்டு பேர் மூட்டையைத் தூக்கி என் தோளில் வைக்கும்போது மூச்சை இறுக்கிப் பிடிக்க வேண்டும். விட்டால் இடுப்பு போய்விடும். முதல் நாளே வேலை வாங்கும் மண்டோர் கத்திக் கத்திச் சொல்லிக் கொடுத்தது அது. அதற்குப் பிறகு கையில் எது வந்தாலும், ஒன்றுமே வராமல் கை சும்மா மேலே போனாலும், என் மூச்சு தானாக அடைத்துக்கொள்கிறது. பென்சிலுக்கும் அப்படித்தான். நீ கேலி செய்யவில்லை. கையை வைத்துப் பார்த்து, இருந்ததைச் சொன்னாய்.

போன சனிக்கிழமை பஸ் ஏறிப் பண்டமாரானுக்குப் போனேன். பஸ்ஸில் உட்கார முடியவில்லை, இடம் இருந்தும் நின்றுகொண்டே போனேன். திடலில் ஏழு பேர்தான் இருந்தார்கள். அன்றைக்குச் சிரித்த ஆன்டிதான் இப்போது முன்னால் நிற்கிறார். என்னைப் பார்த்து, "லாமா தா நம்பா" என்றார். ரொம்ப நாளாய்க் காணோமே என்று மலாயில் கேட்கிறார். எங்கே போனாய் என்று கேட்கவில்லை. வரிசையில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

கையை எட்டு முறை தூக்க வேண்டும். முதல் முறை அடைத்துக்கொண்டது. இரண்டாவதும் அப்படியே. ஓடிவிடலாமா என்று கால் துடித்தது. மூன்றாவதில் கை காதைத் தாண்டும்போது காற்று தன்பாட்டில் உள்ளே போய்க்கொண்டிருந்தது. கை இறங்க இறங்க அதுவும் வெளியே வந்தது. தலை சுற்றவில்லை. எட்டில் மூன்று அப்படி வந்தன.

நீ சொன்னது சரி. அன்றைக்கே கதவைத் திறந்து சொல்லியிருக்க வேண்டியது இது.

மீதி ஐந்து இன்னும் என் வசத்துக்கு வரவில்லை. வருகிற சனிக்கிழமையும் போகிறேன். வந்ததா, மறுபடி அடைத்துக்கொண்டதா, எதுவானாலும் மறுநாள் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து உனக்கு உள்ளபடி எழுதுவேன்.