பதில் வராத வரி

ஸ்லோன் ஓடை, கென்டக்கி
13 ஆகஸ்ட் 1967

அன்புள்ள மகள் ரோடாவுக்கு,

உன் அம்மா டெல்ஃபியா எழுதுவது. நீ கலிஃபோர்னியாவிலிருந்து அனுப்பிய இசைத்தட்டு உடையாமல் வந்து சேர்ந்தது. இந்த வருடம் பீன்ஸ் நன்றாகக் காய்த்திருக்கிறது. நூலில் கோத்து அடுப்புக்குப் பின்னால் காயப் போட்டிருக்கிறேன். உன் அண்ணன் ஆர்லிஸுக்குச் சுரங்கத்தில் வாரம் மூன்று நாள்தான் வேலை. இருமல் இல்லை என்கிறான். உன் அப்பாவும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அட்டையைப் பார்த்ததும் வேறு யாருக்கோ வந்தது என்று நினைத்துத் திருப்பி அனுப்ப இருந்தேன். முகமெல்லாம் பச்சையும் ஊதாவுமாகப் பூசிக்கொண்டு ஒரு பெண். மூக்கை வைத்துத்தான் உன்னை அடையாளம் கண்டேன். அப்பா இருக்கும்போது வந்த முந்தைய இரண்டு தட்டுகளிலும் நீ நான் தைத்த கவுனைப் போட்டுக்கொண்டு, மடியில் பாஞ்சோ வாத்தியத்துடன் ஒழுங்காக உட்கார்ந்திருப்பாய். பின்பக்கம் சின்ன எழுத்தில் ஒரு கல்லூரி ஆசிரியருக்கு நன்றி என்று போட்டிருந்தது. நம் வீட்டுக்கு டேப் பெட்டியோடு வந்தாரே, அதே ஆள். அவருக்கு எதற்கு நன்றி என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

ஆர்லிஸ் வீட்டுச் சமையலறையில்தான் கேட்டோம். ஏதேதோ மணி, அழுவது போல் கிட்டார், கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் உன் குரல். “பிரேக் புடிக்காத நிலக்கரி வண்டி மாதிரி இருக்கு. இவளுக்கு என்னம்மா ஆச்சு?” என்றான் ஆர்லிஸ். நானும் சிரித்தேன், மறைக்கவில்லை. மூன்றாவது பாட்டில், நீ பாடுவதை நிறுத்திய இடத்தில் இரண்டு இருமல் கேட்டது. சின்னது முன்னே, பெரியது பின்னே. அதற்கப்புறம் மனிதனுடையதென்றே சொல்ல முடியாத ஒரு குரல், ஏதோ ஒரு பாஷையில்.

நான் கையிலிருந்த மாவுக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். சபையில் பாட்டின் ஒவ்வொரு வரியையும் மற்றவர்களுக்கு முன்னால் பாடிக் கொடுத்ததும் உன் அப்பா இரண்டு தடவை இருமுவார். பெரியது முன்னே, சின்னது பின்னே. இருபத்திரண்டு வருடம் அவருக்குப் பக்கத்தில் படுத்தவளுக்கு அது தெரியாதா? ஆர்லிஸிடம் சொன்னேன். “அம்மா, ஒனக்கு எதைக் கேட்டாலும் அவருதான்” என்றான். ஆனால் அவன் முகம் மாறிவிட்டது. தட்டு தானாகச் சுழலாதபடி பெட்டியின் வேகக் குமிழை நடுவில் நிறுத்திவிட்டு, தட்டை விரலால் பின்பக்கமாகச் சுற்றினான். முதலில் வாத்து கத்துவது போல் வந்தது. கொஞ்சம் மெதுவாகச் சுற்றினான். அந்தச் சமையலறையில் உன் அப்பா எஸ்டில் பாடினார்.

“நடந்து வருகிறேன், கதவை மூடாதிரும்.”

பாடிவிட்டு இருமினார். பெரியது, சின்னது. ஆர்லிஸ் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டான்.

எனக்குக் கோபம் வந்தது, ரோடா. வாத்தியமே நுழையாத சபையில் இருபது வருடம் வரி கொடுத்த மனிதனை, அந்த ஆசிரியரின் டேப்பிலிருந்து எடுத்துத் தலைகீழாக ஓடவிட்டு, மணிக்கும் கிட்டாருக்கும் நடுவில் போட்டிருக்கிறாய். அதைவிட மோசம், அவர் வரி கொடுத்த பிறகு யாரும் பதில் பாடவில்லை. அந்த இடத்தில் மத்தளம் அடிக்கிறது. ஒருவர் வரி கொடுத்தால் மொத்தக் கூட்டமும் அதை வாங்கிப் பாட வேண்டும். வாங்க ஆளில்லாமல் நம் பக்கத்தில் யாரையும் நிற்க விட்டதில்லை. அதனால் நானே பாடினேன், ஆர்லிஸ் சமையலறையில், தன்னந்தனியாக.

மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும். தினமும் எங்கே போகிறாய் என்று சபையில் கேட்டார்கள். அங்கே நின்றுகொண்டு எனக்குப் பொய் வராது, சொல்லிவிட்டேன். சனிக்கிழமைக் கூட்டத்தில் சகோதரர் ஹாசல் எழுந்தார். “சகோதரி டெல்ஃபியா, எஸ்டில் குரல அந்தக் கூத்திலேர்ந்து எடுக்கச் சொல்லி மகளுக்கு எழுதுங்க. எடுக்கலன்னா இந்த வருஷம் அவர் கல்லறைல நாங்க யாரும் வரி குடுக்க மாட்டோம்” என்றார். செப்டம்பர் முதல் ஞாயிறு நினைவுக் கூட்டம். ஐந்தாவது வருடம் இது. கல்லறையில் ஒரு பாட்டுகூட இல்லாமல் அவரைக் கிடக்க விடுவதா? எழுதுகிறேன் என்று சொன்னேன். சொன்னபடி எழுதிவிட்டேன்: எடுத்துவிடு.

இனி எழுதுவது என் பேச்சு. எடுக்காதே. நான் விரலால் சுற்றிச் சுற்றி அந்த இடம் தேய்ந்துபோயிற்று. இப்போது முக்கால்வாசி சரசரப்புதான். இருமல் மட்டும் இன்னும் கேட்கிறது.

இன்னொன்றும் எனக்குத் தெரியும். காலேஜ்காரர் டேப் பெட்டியோடு வந்த அன்று வீட்டில் சபை இல்லை. நான் மாடு கறந்துகொண்டிருந்தேன். அப்பா வரி கொடுத்தார், பத்து வயது நீ மேசைக்கடியில் உட்கார்ந்து அதை வாங்கிப் பாடினாய். தொழுவம் வரைக்கும் கேட்டது. உன் குரலும் அந்த டேப்பில் இருக்கிறது. அவர் குரலை வைத்துக்கொண்டு உன் குரலை மட்டும் ஏன் வெட்டினாய்?

காரணம் நான்தான். அப்பா இறந்தபோது நீ நியூயார்க்கில் நம் சுரங்கக்காரர்களுக்காகவே மேடையில் பாடிக்கொண்டிருந்தாய். பனியில் பஸ் நின்றுவிட்டது. நீ வந்து சேர்வதற்கு முதல் நாளே மண்ணைப் போட்டு மூடிவிட்டோம். வாசலில் நின்ற உன்னைப் பார்த்து, “பாட்டெல்லாம் பாடி முடிச்சிட்டியா?” என்று கேட்டேன். நீ அடுத்த பஸ்ஸிலேயே போய்விட்டாய். அதற்குப் பிறகு நம் ஊர்ப் பாட்டு ஒன்றைக்கூட நீ பழையபடி பாடவில்லை. நான் கேட்டது தப்பு, ரோடா. நாலரை வருடமாக அதை எழுத எனக்குக் கை வரவில்லை. இப்போது எழுதிவிட்டேன்.

செப்டம்பர் முதல் ஞாயிறு வா. அந்த முழு டேப்பையும் எடுத்துக்கொண்டு வா. பெட்டி ஆர்லிஸ் எங்காவது இரவல் வாங்கி வருவான், கம்பி இழுத்துக் கல்லறை மேட்டுக்கு மின்சாரமும் கொண்டுபோவான். சபையில் யாரும் வரி கொடுக்க வேண்டாம். கல்லறை நம் நிலத்தில் இருக்கிறது. டேப் பெட்டி வாத்தியமா இல்லையா என்று ஹாசலிடம் நான் பேசிக்கொள்கிறேன். முகத்தில் பச்சை பூசிக்கொண்டு வந்தாலும் வா.

அப்பா வரி கொடுப்பார். பெரிதாக ஒன்று, சின்னதாக ஒன்று இருமுவார். அப்போது டேப்பை நிறுத்திவிட்டு நீ பாடு.

கர்த்தர் உன்னை வழியில் காக்கட்டும். இந்தத் தடவை பஸ் எத்தனை நாள் தாமதமானாலும், நீ வந்த பிறகுதான் ஆரம்பிப்போம்.

உன் அம்மா,
டெல்ஃபியா ஸ்லோன்